பிளப்பதும் கிளீவ், பற்றிக்கொள்வதும் கிளீவ்: ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு வினைகள்

ஆங்கில அகராதியில் 'கிளீவ்' (cleave) என்ற வினைக்குப் 'பிள' என்றும் 'ஒட்டிக்கொள்' என்றும் பொருள் போட்டிருக்கிறது. நேரெதிரான இரண்டு பொருள் ஒரு சொல்லுக்கு எப்படி வந்தது? இறந்தகாலத்துக்கு கிளீவ்ட், கிளெஃப்ட், கிளோவ் என்று மூன்று வடிவம் இருக்கிறதே, எதை எங்கே எழுதுவது? கேள்வி இதுதான்.

ஒரே சொல் தன் பொருளைத் தலைகீழாக மாற்றிக்கொண்டது என்றுதான் இணையத்தில் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. இவை பிறப்பிலேயே வேறு வேறான இரண்டு வினைகள். ஒலி தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ஒரே உருவத்தில் வந்து நின்றுவிட்டன. நல்ல அகராதிகள் கிளீவ் 1, கிளீவ் 2 என்று தனித்தனிப் பதிவாகப் போடுவதற்குக் காரணம் அதுதான்.

பழைய ஆங்கிலத்தில் பிளப்பதற்குக் 'கிளேயோவன்', ஒட்டுவதற்குக் 'கிளிவியன்'. எழுத்தில் இரண்டிலும் எஃப் இருக்கும். ஆனால் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வந்தால் அந்தக் காலத்தில் எஃப்பை 'வ்' என்றுதான் உச்சரித்தார்கள். முதலாவது வலுவினை: காலம் மாறும்போது உள்ளிருக்கும் உயிரொலியே மாறும். ஃப்ரீஸ், ஃப்ரோஸ், ஃப்ரோசன் என்று இன்று வருகிறதே, அதே வகுப்பைச் சேர்ந்தது. இரண்டாவது மெலிவினை: இறுதியில் விகுதி சேர்த்தால் போதும், உள்ளே எதுவும் மாறாது. ஆக, வேர் மட்டுமல்ல, காலங்காட்டும் முறையும் வேறு.

வேர்களைத் தோண்டினால் விலகல் இன்னும் துலக்கமாகிறது. பிளக்கும் கிளீவின் இந்தோ-ஐரோப்பிய மூலவேருக்கு வெட்டு, செதுக்கு, உரி என்ற பொருள். கிரேக்கத்தில் 'செதுக்கு' என்ற பொருளில் வரும் க்ளூஃபெய்ன் அதன் உறவு. எகிப்தியச் சித்திர எழுத்தைக் குறிக்கும் ஹைரோகிளிஃப் என்ற சொல்லின் பின்பாதி அங்கிருந்து வந்ததுதான். லத்தீனில் தோலுரிப்பதைக் குறிக்கும் க்ளூபரே இன்னொரு உறவு. ஒட்டும் கிளீவின் வேருக்கோ பிசுபிசுப்பதுதான் அடிப்படைப் பொருள். களிமண்ணைக் குறிக்கும் 'கிளே', லத்தீன் வழியே வந்த பசை 'குளூ' இரண்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜெர்மன் மொழி இன்றும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது: க்ளேபன் என்றால் ஒட்டு, க்ளீபன் என்றால் பிள (பின்னது இப்போது வட்டார வழக்கு). டச்சிலும் க்ளேவன், க்ளீவன் என்று தனித்தனியாகவே இருக்கின்றன. மோதல் நடந்தது ஆங்கிலத்தில்தான்.

இடைக்கால ஆங்கிலத்தில் வினை விகுதிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, உயிரொலிகளும் மங்கின. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் நிகழ்கால வடிவம் இரண்டுக்கும் ஒன்றாகிவிட்டது. அடி ஒன்றானதும் இறந்தகால வடிவங்களும் ஒன்றின் வீட்டுக்குள் மற்றது புகுந்துவிட்டன. ஸ்பீக் என்பதற்கு ஸ்பேக் என்று ஒரு பழைய இறந்தகாலம் உண்டல்லவா, அந்தச் சாயலில் 'கிளேவ்' என்று ஒரு வடிவம் தோன்றியது. முறைப்படி பார்த்தால் மெலிவினைக்கு அது பொருந்தவே கூடாது. ஆனாலும் இரண்டுக்கும் வழங்கியது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் 1611இல் வெளியான ஜேம்ஸ் அரசர் பைபிளை எடுத்துக்கொள்ளலாம். ஆதியாகமம் 22:3இல் ஆபிரகாம் பலிக்கு விறகு பிளக்கிறார்: வினை கிளேவ். ரூத் 1:14இல் ரூத் தன் மாமியாரை விடாமல் பற்றிக்கொள்கிறாள்: அங்கும் வினை கிளேவ். சங்கீதம் 78:15இல் கன்மலைகள் பிளக்கப்படுகின்றன, சங்கீதம் 119:25இல் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது, இரண்டிலும் கிளீவ்தான். மூல எபிரேயத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. ஒட்டுவதற்குத் 'தாவாக்', பிளப்பதற்குப் 'பாக்கா' என்று ஒலியிலேயே வேறுபட்ட இரண்டு வினைகள். தமிழ் பைபிளிலும் குழப்பமில்லை: கட்டைகள் 'பிளந்துகொண்டு', ஆத்துமா 'ஒட்டிக்கொண்டிருக்கிறது', ரூத் 'பற்றிக்கொண்டாள்'. மனைவியைப் பற்றிச் சொல்லும் ஆதியாகமம் 2:24இல் மட்டும் 'இசைந்திருப்பான்' என்று மென்மையாக வைத்திருக்கிறார்கள். எபிரேயத்தில் அங்கும் இருப்பது அதே தாவாக்தான்.

இவ்வளவு மோதியும் அந்தக் கால வாசகர்கள் தடுமாறியதாகத் தெரியவில்லை. சொல்லின் உருவம் ஒன்றானாலும் வாக்கியத்தில் அது நிற்கும் இடம் ஒன்றாகவில்லை என்பதே காரணம். இன்று படிக்கிறவருக்கும் அதுதான் நம்பகமான அடையாளம். ஒட்டும் கிளீவ் செயப்படுபொருளை நேராக ஏற்காது. பின்னால் 'டு' அல்லது பழைய 'அன்டு' வந்தே தீரும், செயப்பாட்டு வினையாகவும் மாறாது. பிளக்கும் கிளீவுக்குப் பிளக்கப்படும் பொருள் நேராகவே வரும். நேராக வராத இடத்தில் 'இன்டு', 'ஃப்ரம்', 'த்ரூ', 'அலாங்' போன்ற உருபுகள் வரும். கப்பல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது என்றால் த்ரூ. படிகம் ஒரு தளத்தின் வழியே பிளக்கிறது என்றால் அலாங். பழைய நம்பிக்கையை ஒருவர் விடாமல் பிடித்திருக்கிறார் என்றால் டு. ஷேக்ஸ்பியரிடம் வைத்துப் பார்த்தாலும் இந்தச் சோதனை பொய்க்காது. மேக்பெத்தில் புதிய ஆடை உடம்போடு ஒட்டவில்லை என்ற இடத்தில் 'டு' இருக்கிறது. ஹாம்லெட்டில் அரசி தன் நெஞ்சம் இரண்டாகப் பிளந்துவிட்டது என்று சொல்லும் இடத்தில் நெஞ்சம் நேர்ச் செயப்படுபொருள்.

ஒரு எச்சரிக்கை. டு என்ற எழுத்துகளைக் கண்டதும் 'ஒட்டு' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தலை முதல் இடுப்புவரை பிளந்தான் என்று பழைய வீரக்கதைகளில் வரும் இடத்திலும் டு வரும். அங்கே முன்னாலேயே ஒரு செயப்படுபொருள் உட்கார்ந்திருக்கும். ஆகவே முதலில் செயப்படுபொருளைத் தேடுங்கள், உருபைப் பிறகு பார்க்கலாம்.

இனி இறந்தகால வடிவங்கள். ஒட்டும் பொருளுக்கு இன்று கிளீவ்ட் ஒன்றே போதும். கிளேவ் பைபிள் வாசகத்தோடு நின்றுவிட்டது. பிளக்கும் பொருளுக்கு மூன்று வழக்கு உண்டு. கிளோவ், கிளோவன் என்பது பழைய வலுவினை மரபு. கிளெஃப்ட் என்பது லீவ், லெஃப்ட் போல, பின்னால் இரண்டு மெய் சேர்ந்ததால் நெடில் குறுகிப் பிறந்தது. கிளீவ்ட் எல்லாவற்றிலும் எளியது. அறிவியல் கட்டுரையாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கிளீவ்ட் மட்டும்தான். நொதி புரதத்தைக் 'கிளோவ்' செய்தது என்று எழுதினால் எந்த ஆய்விதழிலும் திருத்திவிடுவார்கள். கோடரி, வாள், மின்னல் வரும் கதைநடையில் கிளோவ், கிளெஃப்ட் இரண்டும் அழகாகவே இருக்கும்.

பெயரடைகளில் மட்டும் விருப்பத்துக்கு இடமில்லை. அண்ணப்பிளவு, பள்ளம் விழுந்த முகவாய் இரண்டுக்கும் கிளெஃப்ட். மாட்டின் பிளவுபட்ட குளம்புக்குக் கிளோவன். பெந்தெகொஸ்தே நாளில் இறங்கிய, பிரிந்திருக்கும் அக்கினி நாவுகளுக்கும் ஜேம்ஸ் அரசர் பைபிளில் கிளோவன்தான். இவற்றை இடம் மாற்றினால் இலக்கணப் பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் காதுக்கு ஒவ்வாது. மொழியியலில் ஒரு சொற்றொடரை முன்னே பிரித்து அழுத்தம் கொடுக்கும் வாக்கியத்தைக் கிளெஃப்ட் வாக்கியம் என்கிறார்கள். டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன் புழக்கத்தில் விட்ட பெயர் அது. 'நேற்று வந்தது அவன்தான்' என்று நாம் சொல்வதும் அந்த வகைதான்.

இந்த வினைகளின் பிள்ளைகள் சமையலறைக்குள்ளும் இருக்கிறார்கள். பூண்டுப் பல்லைக் 'கிளோவ்' என்று ஆங்கிலத்தில் சொல்கிறோம். முழுப்பூண்டு பிளந்து பிரிவதால் வந்த பழைய ஆங்கிலச் சொல் அது. கிராம்பும் கிளோவ்தான், ஆனால் அது வேறு குடும்பம்: கிராம்பின் ஆணி போன்ற உருவத்தைப் பார்த்து, பிரெஞ்சில் ஆணியைக் குறிக்கும் 'க்ளூ' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலச் சமையற்குறிப்பில் 'நான்கு கிளோவ்' என்று மட்டும் இருந்தால், பூண்டா கிராம்பா என்று பக்கத்தில் என்ன இருக்கிறது பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இறைச்சி வெட்டும் அகலக் கத்தி கிளீவர்: பிளக்கும் வினையின் பிள்ளை. 'கிளீவர்ஸ்' என்று ஒரு காட்டுக்கொடி, தாவரவியலில் கேலியம் அபரீனே, கொக்கிமயிர்களால் துணியில் ஒட்டிக்கொள்ளும்: ஒட்டும் வினையின் உறவு. சாரணர்கள் முதலில் கற்கும் முடிச்சுகளில் ஒன்றான கிளோவ் ஹிட்சின் பெயரில் இருப்பது பிளக்கும் வினையின் பழைய எச்சம். முடிச்சின் முதுகில் கயிறு இரண்டு இணைவரிகளாகப் பிரிந்து தெரிவதால் வந்த பெயர்.

அப்படியானால் அன்றாடப் பேச்சில் இந்த வினை ஏன் அரிதானது? இரண்டு எதிர்ப்பொருள்கள் மோதியதால் மக்கள் கைவிட்டார்கள் என்பது பலர் சொல்லும் விளக்கம். ஒலி ஒன்றான சொற்கள் மோதினால் ஒன்று வெளியேறும் என்பதற்கு உண்மையான எடுத்துக்காட்டு உண்டு. தென்மேற்கு பிரான்சின் காஸ்கனி பேச்சில் லத்தீன் வழிவந்த சேவலும் பூனையும் ஒரே ஒலியில் 'கட்' என்று ஆகிவிட, சேவலுக்கு வேறு சொற்களைத் தேடிக்கொண்டார்கள் என்று கிளைமொழி ஆய்வாளர் ஜூல் ஜில்லியெரோன் காட்டினார். ஆனால் சேவலும் பூனையும் ஒரே வாக்கியத்தில், ஒரே இடத்தில் வரக்கூடிய பெயர்கள். தோட்டத்தில் 'கட்' வந்திருக்கிறது என்றால் எது என்று தெரியாது. கிளீவ் அப்படியல்ல. மேலே சொன்னபடி வாக்கிய அமைப்பே பிரித்துக் காட்டிவிடுவதால் இரண்டும் பல நூற்றாண்டு பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்திருக்கின்றன. அவற்றை ஒதுக்கியது, என் கணிப்பில், போட்டிச் சொற்கள். ஒட்டும் பக்கத்தில் ஸ்டிக், கிளிங் ஏற்கெனவே வலுவாக இருந்தன, லத்தீனிலிருந்து அட்ஹியரும் வந்து சேர்ந்தது. பிளக்கும் பக்கத்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சிலிருந்து ஸ்பிளிட் நுழைந்தது. முதலில் பாறையில் மோதி உடையும் கப்பலுக்குச் சொன்னார்கள், பிறகு விறகுக்கும் பட்டாணிக்கும் அதுவே ஆயிற்று. இரு பக்கமும் இடம் போனதும் கிளீவ் உயர்நடைக்கு ஒதுங்கியது. ஆதியாகமம் 2:24இன் பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் பார்த்தால் ஒட்டும் பொருள் கரைந்துபோவது தெரியும். ஒன்றில் மனைவியோடு 'இணைக்கப்படுகிறான்', இன்னொன்றில் 'கிளிங்', மற்றொன்றில் 'உறுதியாகப் பிடித்துக்கொள்கிறான்'.

பிளக்கும் பொருளுக்கு மட்டும் மறுவாழ்வு கிடைத்தது. அதைக் கொடுத்தவை தொழில்களும் அறிவியலும்.

முதலில் வைரத் தொழில். வைரத்தில் எண்முகத் தளங்களுக்கு இணையாக நான்கு திசைகளில் பிணைப்பு பலவீனமாக இருக்கும். அந்தத் திசையில் தட்டினால் மட்டுமே நேராகப் பிளக்கும். பிளக்கவேண்டிய கோட்டை இந்திய மையால் குறிப்பார்கள். கல்லை ஒரு பிடியில் அரக்குக் கலவையால் பதித்து, இன்னொரு வைரத்தின் கூர்முனையால் வீ வடிவப் பள்ளம் கீறுவார்கள். அதில் எஃகுத் தகட்டை நிறுத்தி ஒரே தட்டு. தகட்டின் விளிம்பு மழுங்கலாக இருக்கவேண்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அது பள்ளத்தின் அடியைத் தொடக் கூடாது. இரு சுவர்களையும் ஆப்புபோல வெளியே தள்ளவேண்டும். அடியைத் தொட்டாலோ, திசைக்கணிப்பு தவறினாலோ கல் நொறுங்கும். 1908 பிப்ரவரி 10 அன்று ஆம்ஸ்டர்டாமில் யோசப் ஆஷர் 3,106 காரட் கல்லினன் வைரத்தைப் பிளந்தபோது முதல் தட்டில் உடைந்தது எஃகுத் தகடு. அடுத்த முயற்சியில்தான் கல் பிளந்தது. பிரெஞ்சு மொழி இந்த வேலைக்கான சொல்லை டச்சு க்ளீவனிலிருந்தே எடுத்துக்கொண்டது.

கனிமவியலில் 'கிளீவேஜ்' 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்றது. கனிமத்தை அடையாளம் காண இன்றும் முதல் சோதனைகளில் ஒன்று அது. காக்காப்பொன் எனும் மைக்கா ஒரே திசையில் ஏடு ஏடாகப் பிரியும். ஃபெல்ட்ஸ்பார் ஏறக்குறைய செங்கோணத்தில் இரண்டு திசைகளில் பிளக்கும். கல்லுப்பும் கலீனாவும் செங்கோணமாக மூன்று திசைகளில் பிளந்து கனசதுரத் துண்டு தரும். கால்சைட்டுக்கும் மூன்று திசைதான், ஆனால் கோணம் 75, 105 பாகை என்பதால் சாய்ந்த கட்டங்களாக உடையும். குவார்ட்ஸுக்குப் பிளவுத்தளமே கிடையாது. சிப்பியின் உட்புறம்போல வளைந்து உடையும். மாணவர்கள் இடறுவது இங்கேதான்: குவார்ட்ஸ் படிகத்தின் பளபளப்பான வளர்முகத்தைப் பார்த்துக் கிளீவேஜ் என்று எழுதிவிடுவார்கள். உடைந்த பரப்பில் ஒன்றுக்கொன்று இணையான படிகள் தெரிகின்றனவா, விளக்கொளியில் திருப்பினால் அவை ஒருசேர மின்னுகின்றனவா என்று பார்க்கவேண்டும். அப்படி மின்னினால்தான் பிளவுத்தளம்.

இந்த நுட்பப் பொருளைக்கூட இன்னொரு தொழில் தளர்த்திவிட்டது. ஒளியிழைக் கேபிள் இணைக்கும் தொழிலாளர்கள் இழையைக் 'கிளீவ்' செய்கிறார்கள். கண்ணாடிக்குப் படிக அமைப்பே இல்லை, ஆகவே பிளவுத்தளமும் இல்லை. அங்கே நடப்பது கீறி, இழுவிசையிலோ வளைவிலோ முறிப்பது. 250 மைக்ரோமீட்டர் மேலுறையை உரித்து, உள்ளிருக்கும் 125 மைக்ரோமீட்டர் கண்ணாடியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துடைதாளால் துடைத்து, கிளீவர் கருவியின் பள்ளத்தில் படுக்கவைத்து அழுத்தினால், கடின அலகு மெல்லிய கீறல் போடும். விரிசல் குறுக்கே ஓடி முகம் கண்ணாடிபோல வழவழப்பாக முறியும். செங்கோணத்திலிருந்து விலகல் 1 பாகைக்குள் இருக்கவேண்டும், 0.5 பாகைக்குள் என்றால் நல்லது. அலகு தேய்ந்திருந்தால் ஓரம் சில்லு தெறிக்கும், கீறல் அதிகமானால் முகம் சொரசொரப்பாகும், பள்ளத்தில் தூசி இருந்தால் கோணம் சாயும். முறித்த பிறகு முனையை எதன்மீதும் தொடவிடக் கூடாது, மறுபடி துடைக்கவும் கூடாது.

உயிர்வேதியியலில் கிளீவ் என்றால் ஒரு மூலக்கூறின் பிணைப்பைக் குறித்த இடத்தில் அறுப்பது. டிரிப்சின் என்ற நொதி, புரதத்தை லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களுக்கு அடுத்தாற்போல் அறுக்கும். அடுத்து நிற்பது புரோலின் என்றால் பெரும்பாலும் அறுக்காது. ஈகோ ஆர்-ஒன் என்ற நொதி டிஎன்ஏவில் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற வரிசையைக் கண்டால் ஒவ்வோர் இழையிலும் ஜிக்கும் ஏக்கும் நடுவே அறுக்கும். மிஞ்சும் நான்கெழுத்து ஒற்றையிழை நுனிகளுக்குப் பெயர் 'ஒட்டும் முனைகள்'. கொரோனா காலத்தில் செய்தித்தாள் வரை வந்த 'ஃபியூரின் கிளீவேஜ் தளம்' என்பதும் இந்தப் பொருளில்தான்: வைரஸின் முள்புரதத்தை நம் உடலின் ஃபியூரின் நொதி அறுக்கக்கூடிய இடம். கருவியலில் கருவுற்ற முட்டை மொத்த அளவில் பெருக்காமல் இரண்டு, நான்கு, எட்டு எனப் பிரிவதும் கிளீவேஜ். நம் பாடநூல்களில் அதைப் 'பிளவிப்பெருகல்' என்கிறார்கள், நல்ல சொல்லாக்கம். அரசியலறிவியலில் வர்க்கம், மதம், மொழி என்று சமூகம் பிரிந்து நிற்கும் நீண்டகாலக் கோடுகளுக்கும் இதே பெயர். உடையின் கழுத்துப்பகுதியைப் பற்றிய பொருள் இவை எல்லாவற்றிலும் இளையது. 1946இல் ஹாலிவுட் தணிக்கையாளர்களின் தொழிற்சொல்லாக அச்சேறியது.

உண்மையிலேயே ஒரே சொல் எதிரெதிராகப் பிரிந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் 'சேங்ஷன்' பக்கம் போகலாம். புனித ஆணையால் உறுதிசெய்வது என்ற லத்தீன் பொருளிலிருந்து, ஆணைக்குக் கிடைக்கும் ஒப்புதல் ஒரு கிளையாகவும், ஆணையை மீறினால் வரும் தண்டனை மறு கிளையாகவும் வளர்ந்தன. அரசு அலுவலகத்தில் கடன் சேங்ஷன் ஆவதும், ஒரு நாட்டின்மீது சேங்ஷன் விதிப்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கிளீவை அந்தப் பட்டியலில் சேர்ப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

தமிழில் பெயர்க்கும்போது ஒட்டும் கிளீவுக்கு மனிதர் என்றால் 'பற்றிக்கொள்', நாக்கு, மண், துணி என்றால் 'ஒட்டிக்கொள்' சரியாக அமையும். பிளக்கும் கிளீவுக்கு மரம், பாறை, படிகம் என்றால் 'பிள'. நொதி என்றால் 'அறு' அல்லது 'துண்டி'. தண்ணீர், காற்று என்றால் 'கிழித்துச் செல்'. ஒளியிழைக்கு மட்டும் 'பிள' என்று எழுதினால் நெடுவாக்கில் இரண்டாகப் பிரித்ததுபோல் ஆகிவிடும். அங்கே குறுக்காக நடப்பதால் 'முறி' என்று எழுதலாம், அல்லது தொழிலாளர்கள் சொல்வதுபோல் 'கிளீவ் பண்ணு' என்றே விட்டுவிடலாம்.